கொக்குவிலில் பதிந்த கிற்றாரை ரொறன்ரோ மொடலருக்குள் விடும்போது லெவல் எவ்வளவு இருக்க வேண்டும்?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் கிற்றாரை நேராக இன்டர்பேஸில் (சிக்னலைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியில்) செருகி, எந்த எபெக்டும் இல்லாமல் பதிகிறார். அந்தக் கோப்பை ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அனுப்புகிறார். அண்ணன் அதைத் தன்னுடைய டிஜிட்டல் மொடலருக்குள் (அம்ப்களையும் பெடல்களையும் போலச் சத்தம் தரும் கருவிக்குள்) விட்டு, அம்ப் சத்தம் ஏற்றித் திருப்பி அனுப்புகிறார். அண்ணன் கையால் வாசிக்கும்போது மெல்லிய கிரஞ்சாக (லேசாக உடைந்த சத்தமாக), சொல்லுக்குச் சொல் விளங்குகிற மாதிரி இருக்கும் அதே பிரீசெட் (சேமித்து வைத்த சத்த அமைப்பு), தம்பியின் கோப்பைக் கொடுத்தால் இரைகிறது. கோட் (பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக்கூட்டு) அடித்தால் நசிந்து ஒரே கூழாகப் போகிறது. ஒரு வீடியோவில் சராசரி மைனஸ் 18 இல் பதியச் சொல்கிறார்கள், இன்னொன்றில் சிவப்பு எரியாத அளவுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றச் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி என்பது தம்பியின் கேள்வி.

இரண்டும் இந்த வேலைக்குப் பொருந்தாது. தம்பிக்கு உண்மையில் தேவைப்படுவது ஓர் எண் அல்ல. கோப்புக்குள் இருக்கும் கிற்றார் மொடலரின் வாசலில் எவ்வளவு பலத்தோடு போய் நிற்க வேண்டும், அதை எப்படி உறுதி செய்வது என்பதுதான். முதல் பாதிக்குப் பதில் சுலபம்: அதே கிற்றாரை அண்ணனின் மொடலரில் நேரே செருகியிருந்தால் எத்தனை வோல்ற் போயிருக்குமோ, அத்தனை வோல்ற்றுக்குச் சமமானது போக வேண்டும். கூடினால் மொடலருக்குள் இருக்கும் அம்ப், முன்னால் ஒரு பூஸ்ட் பெடல் வைத்தது போல நடந்துகொள்ளும். குறைந்தால் உயிரில்லாமல் கிடக்கும். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இசைக்குழுக்களுக்கும் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் பல வருடங்களாக ஒலிப்பதிவு செய்கிறேன். ரீஅம்ப் செய்த, அதாவது பதிந்த பிறகு அம்புக்குள் விட்டு எடுத்த, கிற்றார் பிழையாகக் கேட்கிறது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் லெவல்தான் சிக்கல்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், திரையில் தெரியும் மீற்றர் வோல்ற்றைக் காட்டுவதில்லை. அது காட்டும் டிபிஎஃப்எஸ் என்ற அளவில், 0 என்பது அந்தக் கருவி தாங்கக்கூடிய உச்சம். மற்றதெல்லாம் அந்த உச்சத்தில் இருந்து எவ்வளவு கீழே என்பதுதான். ‘பாத்திரத்தில் பாதி அரிசி இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், பாத்திரம் சுண்டா கொத்தா என்று தெரியாமல் நாம் உலை வைக்க முடியாது. அதே போல, ‘என் கோப்பில் உச்சம் −6’ என்று மட்டும் சொன்னால் அண்ணனுக்கு ஒன்றும் தெரியவராது. உங்கள் இன்டர்பேஸில் 0 என்பது எத்தனை வோல்ற், அண்ணனின் மொடலரில் 0 என்பது எத்தனை வோல்ற் என்ற இரண்டும் தெரிந்தால்தான் கணக்குச் சரிவரும்.

அந்தத் தகவல் பெரும்பாலும் கருவியின் கைநூலில் விவரப் பட்டியலுக்குள் இருக்கும். ‘இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், ஆகக் கூடிய லெவல்’ என்று ஒரு வரி, பக்கத்தில் 12 டிபியூ என்பது போல ஓர் எண். டிபியூ என்பது வோல்ற்றை டெசிபெலில் சொல்லும் அளவு; 0 டிபியூ என்பது 0.775 வோல்ற். அதிலிருந்து கணக்கிட்டால் 12 டிபியூ ஏறத்தாழ 3.1 வோல்ற் ஆர்எம்எஸ் (மல்டிமீற்றர் காட்டும் ஒருவகைச் சராசரி), அலையின் உச்சியில் சுமார் 4.4 வோல்ற். அந்த எண் பெரும்பாலும் கெயின் குமிழ் (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் குமிழ்) ஆகக் குறைவாக இருக்கும்போது உள்ள அளவு. அப்படி ஓர் இன்டர்பேஸில், ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை) உள்ள கிற்றாரை ஓங்கி அடித்து உச்சம் 1 வோல்ற்றைத் தொட்டால், மீற்றர் −13 பக்கம்தான் காட்டும். சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிற்றாரில் ஆறுதலாக வாசித்து உச்சம் 0.3 வோல்ற் வந்தால் −23. பலர் இதைப் பார்த்து, சிக்னல் காணாது என்று பயந்து குமிழைத் திருப்புகிறார்கள். அங்கேதான் கதை மாறுகிறது.

மைனஸ் 18 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிழையான எண் அல்ல, வேறு வேலைக்கான எண். ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்கள் தங்களுக்குள் பொது அளவாக −18 டிபிஎஃப்எஸ் என்பதை 0 டிபியூவுக்குச் சமமாக வைத்தன. அமெரிக்கப் பக்கத்தில் −20 என்பதை +4 டிபியூவுக்குச் சமமாக வைப்பது வழக்கம். பழைய மிக்ஸர், கொம்பிரசர் போன்றவற்றைப் போலச் செய்த மென்பொருள்கள் பலவும் அந்த அளவைச் சுற்றித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. பாட்டு, மேளம், கீபோர்ட் எல்லாம் மிக்ஸுக்குள் போகும்போது அந்த எண் உதவும். ஆனால் கிற்றார் அம்பின் முதல் வாசல் லைன் லெவலை (ஸ்ரூடியோக் கருவிகளுக்கு நடுவே போகும் பலமான சிக்னலை) பார்த்துச் செய்யப்பட்டது அல்ல, பிக்கப்பின் வோல்ற்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. சிங்கிள் கொயிலையும் ஹம்பக்கரையும் இரண்டையும் −18 க்குக் கொண்டுவந்து சமமாக்கினால், அவை இரண்டுக்கும் நடுவில் இயல்பாக இருந்த வித்தியாசத்தையே அழித்துவிடுகிறோம். பிறகு எந்தக் கிற்றாரைக் கொடுத்தாலும் அம்ப் ஒரே மாதிரி உறுமும்.

‘முடிந்தவரை ஏற்று’ என்ற அறிவுரை 16 பிட் காலத்து அறிவுரை. அப்போது கிடைத்த 96 டெசிபெல் இடத்துக்குள், குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறியது. இன்று 24 பிட்டில் பதிகிறோம். சாதாரண விலை இன்டர்பேஸ்கள்கூட 100 டெசிபெலுக்கு மேல் சுத்தமான இடம் தருகின்றன. கிற்றார் பிக்கப் தானே பிடிக்கும் உறுமல் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். ஆகவே −23 இல் பதிந்தது தரக்குறைவு இல்லை. கவலையில்லாமல் பதியலாம்.

இனித் தம்பியின் நிலைமை. கேள்வியில் அவரே எழுதியிருக்கிறார், −6 வரும் வரைக்கும் குமிழைத் திருப்பினேன் என்று. உதாரணத்துக்கு, குமிழ் ஆகக் குறைவில் இருந்து 14 டெசிபெல் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டர்பேஸின் உச்சம் 12 டிபியூ என்றால், இப்போது கோப்பில் 0 என்பது −2 டிபியூ மட்டும்தான். அண்ணனின் மொடலரில் 0 என்பது 11 டிபியூ என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல். கோப்பை அப்படியே யுஎஸ்பி வழியாக உள்ளே விட்டால், உண்மைக் கிற்றாரைவிட 13 டெசிபெல் கூடுதலாக, அதாவது ஏறத்தாழ நான்கரை மடங்கு வோல்ற்றாக மொடலர் அதை எடுத்துக்கொள்ளும். நசியாமல் என்ன செய்யும்? மருந்து: அண்ணன் அந்த ட்ராக்கை, மொடலருக்குள் போவதற்கு முன்னால், 13 டெசிபெல் குறைக்க வேண்டும். வேறு ஒன்றும் தேவையில்லை. திரும்பப் பதியவும் வேண்டாம்.

ஆனால் குமிழ் எத்தனை டெசிபெல் ஏறியது என்று எப்படித் தெரியும்? குமிழில் எண் இல்லாத இன்டர்பேஸ்கள்தான் கூட. மொடலரின் எண்ணும் எல்லாக் கைநூலிலும் இருப்பதில்லை. இதற்கு நான் செய்யும் வழியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது இரண்டு கைநூலும் இல்லாமலே வேலை செய்யும், கொக்குவிலுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவில் பொதுவாக இருக்கும் ஒரே அளவான வோல்ற்றை வைத்தே செய்யும்.

போனில் சைன் அலை உண்டாக்கும் ஏதாவது ஓர் அப் இறக்கிக்கொள்ளுங்கள். 200 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஈக்வலைசர், சத்தம் கூட்டும் வசதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சார உறுமலும் சேர்ந்து வரும். ஹெட்போன் துளையில் இருந்து கிற்றார் ப்ளக்குக்குப் போகும் ஒரு கேபிள் வேண்டும்; இடது பக்கச் சிக்னலும் எர்த்தும் மட்டும் இணைந்ததாக இருக்கட்டும். ஸ்டீரியோ ப்ளக்கை அப்படியே மோனோ துளையில் செருகினால் வலது பக்கம் எர்த்தோடு முட்டும், அதைத் தவிருங்கள். பிறகு மல்டிமீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, கறுப்புக் கம்பியைப் ப்ளக்கின் உடம்பிலும் சிவப்பை அதன் நுனியிலும் பிடியுங்கள். இங்கே ஒரு விஷயம்: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீற்றர்கள் பலவற்றில் ஏசி அளவு 200 வோல்ற்றில்தான் தொடங்கும். வீட்டுக் கரண்ட் பார்க்க அது போதும், இந்த வேலைக்கு ஆகாது. 2 வோல்ற் அளவோ மில்லிவோல்ற் அளவோ உள்ள மீற்றர் வேண்டும். வயரிங் வேலை செய்யும் தெரிந்தவர் யாரிடமாவது இருக்கும், அரை மணித்தியாலம் இரவல் வாங்கினால் போதும்.

போனின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து 0.25 வோல்ற் பக்கம் கொண்டுவாருங்கள். போன் படிப்படியாகத்தான் ஏறும், சரியாக 0.25 இல் நிற்காது. எங்கே நிற்கிறதோ அதை எழுதி வையுங்கள். இப்போது அந்தக் கேபிளை இன்டர்பேஸில், கிற்றாரைச் செருகிய அதே துளையில், அதே இன்ஸ்ட்ருமென்ட் பொத்தான் அழுத்திய நிலையில் செருகுங்கள். கெயின் குமிழ் பதிந்த அன்று இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பத்து விநாடி பதியுங்கள். மேலே சொன்ன உதாரணக் கணக்கில் அந்த அலையின் உச்சம் −7.8 பக்கம் வரும். இந்தத் துண்டைக் கிற்றார்க் கோப்போடு சேர்த்து அண்ணனுக்கு அனுப்பி, ‘200 ஹெர்ட்ஸ், 0.25 வோல்ற்’ என்று எழுதிவிடுங்கள். ஒலிநாடாக் காலத்தில் நாடாவின் தொடக்கத்தில் இப்படிச் சோதனை அலைகளைப் பதிந்துதான் ஒரு ஸ்ரூடியோவில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வாங்குகிறவர் தன் இயந்திரத்தை அந்த அலைக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்வார். இங்கே செய்வதும் அதேதான்.

அண்ணன் தன் போனையும் மீற்றரில் பார்த்து 0.25 வோல்ற்றுக்குக் கொண்டுவந்து, மொடலரின் கிற்றார் துளையில் செருக வேண்டும். மொடலரில் அம்ப், பெடல் எதுவும் இல்லாத வெறும் பிரீசெட். மொடலரில் இருந்து வெளியே வருவதைப் பதிந்து, அதன் உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் அது −20.8 என்று வைத்துக்கொள்வோம். பிறகு போனைக் கழற்றிவிட்டு, நீங்கள் அனுப்பிய அலைத் துண்டை, கிற்றார்க் கோப்பு எந்த வழியாகப் போகப் போகிறதோ அதே வழியாக, அதே வெறும் பிரீசெட்டுக்குள் விட்டுப் பதிய வேண்டும். −7.8 வரும். வித்தியாசம் 13. ட்ராக்கை 13 டெசிபெல் குறைத்து இன்னொரு தடவை விட்டால் −20.8 இல் வந்து நிற்கும். நின்றால் வேலை முடிந்தது. அண்ணனின் போன் 0.30 வோல்ற்றில் நின்றால் 1.6 டெசிபெல் கூட; அதையும் கணக்கில் எடுத்தால் சரி. அரை டெசிபெலுக்குள் வந்தால் போதும், அதற்குக் கீழே வரும் வித்தியாசத்தைக் கிற்றாரில் காது பிடிக்காது.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம், நடுவில் யாரும் கவனிக்காத சின்னச் சின்ன இழப்புகளையும் இது தானாகவே பிடித்துவிடும். மோனோ ட்ராக்கை நடுவில் வைத்து ஸ்டீரியோ வழியாக அனுப்பினால், சில மென்பொருள்கள் 3 டெசிபெல் குறைத்துத்தான் அனுப்பும். கியூபேஸில் தொடக்க அமைப்பே அதுதான், ரீப்பரில் தொடக்கத்தில் குறையாது. மொடலர் யுஎஸ்பியில் வருவதை ஸ்டீரியோவாக எடுக்கிறதா மோனோவாக எடுக்கிறதா என்பதாலும் 6 டெசிபெல் வரை மாறலாம். எதுவாக இருந்தாலும் போன் அலையும் கோப்பு அலையும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

குமிழை ஏற்கெனவே அசைத்துவிட்டீர்கள் என்றால் இவ்வளவு உறுதி கிடைக்காது. குமிழை ஆகக் குறைவில் வைத்து, அதே கிற்றாரில், அதே பிக்கப்பில், பழைய பதிவில் உள்ள அதே பகுதியை வாசித்துப் பதிந்து, இரண்டின் உச்சங்களையும் ஒப்பிடலாம். கை ஒவ்வொரு நாளும் ஒரே பலத்தில் அடிக்காது என்பதால் இதில் இரண்டு மூன்று டெசிபெல் பிசகு இருக்கும். அது மதிப்பீடு மட்டுமே. ஆனாலும் 13 டெசிபெல் பிழையோடு இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இனிமேல் பதியப் போகிறவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரு தடவை மட்டும் போதும். கெயின் குமிழை இடது பக்கம் முழுக்கத் திருப்பி ஆகக் குறைவில் வைத்துவிடுங்கள், அங்கிருந்து எடுக்க வேண்டாம். எந்தக் கிற்றாராக இருந்தாலும் அதே இடம். அப்போது அலைத் துண்டு ஒன்று, குறைப்பு எண் ஒன்று, அவ்வளவுதான், எப்போதும் பொருந்தும். புதிய இன்டர்பேஸ்கள் சிலவற்றில் கெயினைத் தானாகவே சரிசெய்யும் வசதியும், சிவப்பு எரியப் போனால் தானாகக் குறைக்கும் வசதியும் இருக்கின்றன. பாட்டுப் பதிய நல்லவை. ரீஅம்ப் செய்யப் போகும் கிற்றாருக்கு இரண்டையும் நிறுத்துங்கள். கோப்பை வெளியே எடுக்கும்போது ‘நோர்மலைஸ்’ (உச்சத்தைத் தானாக ஏற்றிவிடும் வசதி) என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஒன்றே இவ்வளவு கணக்கையும் கெடுத்துவிடும். வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 24 பிட் வேவ் கோப்பை ஆவணமாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்.

மொடலர் பக்கத்திலேயே இருந்து, இன்டர்பேஸின் லைன் அவுட்டில் இருந்து கேபிள் போட்டு அதன் கிற்றார் துளைக்குள் விடுகிறவர்களுக்கும் அடிப்படை இதுவேதான். இன்டர்பேஸின் உள்வாசல் உச்சம் 12 டிபியூ, வெளிவாசல் உச்சம் 16 டிபியூ என்றால், குமிழ் ஆகக் குறைவில் பதிந்த கோப்பு 4 டெசிபெல் கூடுதலாக வெளியே போகும், அதைக் குறைக்க வேண்டும். குமிழை 14 ஏற்றிப் பதிந்திருந்தால் 18 குறைக்க வேண்டும். இரண்டு வெளிவாசல் மட்டும் உள்ள சின்ன இன்டர்பேஸ்களில், முன்னால் இருக்கும் மொனிட்டர் குமிழும் அந்த லெவலைக் கூட்டிக் குறைக்கும். அதை ஓரிடத்தில் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு, வேலை முடியும் வரை தொடாதீர்கள். மல்டிமீற்றரில் பார்க்க விரும்பினால், மென்பொருளில் உச்சம் −20 இல் இருக்கும் 200 ஹெர்ட்ஸ் அலையை ஓடவிட்டு, நீங்கள் உண்மையாகப் பாவிக்கப் போகும் கேபிளின் மற்ற நுனியில் அளவெடுங்கள். 0.49 வோல்ற் வந்தால் வெளிவாசலின் உச்சம் 16 டிபியூ. அதே கேபிளில் அளவெடுக்கச் சொல்வதற்குக் காரணம், சமநிலை வெளிவாசல்கள் சிலவற்றில் மோனோ கேபிள் போட்டால் பாதி வோல்ற்தான் வரும், சிலவற்றில் முழுதும் வரும்.

இந்த அமைப்பில் இன்னொரு பொறி உண்டு. மொடலரில் இருந்து திரும்பி வரும் சத்தத்தை இன்டர்பேஸில் எடுத்து, அதை அதே வெளிவாசல்களில் கேட்கப் பார்த்தால், அது திரும்பவும் மொடலருக்குள் போய் வட்டமடித்துக் கீச்சிடும். திரும்பி வரும் ட்ராக்கில் மொனிட்டரை நிறுத்துங்கள், நேரடி மொனிட்டரையும் நிறுத்துங்கள். கேட்பதை மொடலரின் சொந்த ஹெட்போன் துளையில் கேளுங்கள். கிற்றார் ட்ராக்கை முழுக்க இடது பக்கம் தள்ளி, ஒரு வெளிவாசலை மட்டும் மொடலருக்குக் கொடுத்தால் நடுவில் வைக்கும்போது வரும் அந்த 3 டெசிபெல் குழப்பமும் இருக்காது.

மொடலரிலேயே இன்புட் கெயின் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் குறைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் அந்தக் குமிழ் உள்ளே இருக்கும் மாற்றியின் (சிக்னலை எண்ணாக்கும் பகுதியின்) உணர்திறனை மட்டும் மாற்றிவிட்டு, கூட்டியதை உள்ளேயே ஈடுசெய்துவிடும். ஃபிராக்டலின் ஆக்ஸ் எஃப்எக்ஸ் அப்படித்தான், மீற்றர் அசையும், அம்பின் உறுமல் மாறாது. மற்ற வகையில் குமிழ் அம்பை உண்மையாகவே கூட்டிக் குறைக்கும். எது என்று அறிய, உடையும் எல்லையில் நிற்கும் ஒரு கிரஞ்ச் பிரீசெட்டை எடுத்து, ஒரே கோட்டை அடித்தபடி குமிழைத் திருப்புங்கள். உறுமல் மாறுகிறதா என்று கேட்டால் பிடிபட்டுவிடும். எப்படியிருந்தாலும், குறைப்பை ட்ராக்கிலேயே செய்யுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மொடலரை அண்ணன் தன் கிற்றாருக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார், அதை ஏன் தொட வேண்டும்? கெம்பரில் மட்டும் ரீஅம்புக்கென்றே தனியாக ஓர் உணர்திறன் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவி என்றால் அதைப் பாவிக்கலாம். லைன் 6 ஹீலிக்ஸ் போன்றவற்றில், கிற்றாரை அந்தக் கருவியின் யுஎஸ்பி 7, 8 வழியாகவே சுத்தமாகப் பதிந்து, யுஎஸ்பி வழியாகவே திருப்பி விட்டால் இந்தக் கணக்கு ஒன்றும் வேண்டாம், போனதும் வந்ததும் சமம். அண்ணன் தானே வாசித்துப் பதிபவற்றுக்கு அது ஆகச் சுலபம்.

லெவலைச் சரிசெய்தும் திருந்தாத விஷயங்கள் சில உண்டு. இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்தாமல் லைன் வாசலில் பதிந்திருந்தால், பிக்கப்புக்குக் கிடைக்க வேண்டிய 1 மெகாஓம் அளவு சுமைக்குப் பதிலாக பல மடங்கு குறைந்த சுமை விழுந்து, மேல் ஸ்வரங்களின் பளபளப்புப் பதிவதற்கு முன்னமே போயிருக்கும். பிறகு ஈக்வலைசரால் முழுக்க மீட்க முடியாது. மின்கலம் போட்ட அக்டிவ் பிக்கப் என்றால் இந்தப் பிரச்சினை பெரிதாக இராது. பதியும்போது சிவப்பு எரிந்து அலையின் தலை வெட்டுப்பட்டிருந்தாலும் மீட்க முடியாது. திரும்பப் பதிவதைத் தவிர நல்ல வழி இல்லை. பழைய பாணி ஃபஸ் பெடல்களின் மாதிரிகளும் சந்தேகத்துக்குரியவை. உண்மைப் ஃபஸ் பெடல் பிக்கப்பை நேரடியாக இழுத்துப் பிடிக்கும். கிற்றாரின் வொல்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் சுத்தமாவது அதனால்தான். பதிவு முடிந்த கோப்பில் அந்த இழுபறி இல்லை. லெவல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஃபஸ் மட்டும் கையால் வாசித்ததுபோல வராமல் போகலாம், அதற்கு உங்களுடைய கணக்கைக் குறைசொல்ல வேண்டாம்.

ரீஅம்ப் பெட்டி வாங்க வேண்டுமா என்றும் தம்பி கடைசியில் கேட்டிருந்தார். ஜோன் கூனிபெர்ட்டி என்ற ஒலிப்பொறியாளர் 1990களில் செய்த பெட்டி அது. பின்னர் கனடாவின் ரேடியல் நிறுவனம் அதைத் தன்வசம் எடுத்தது. ஸ்ரூடியோவின் லைன் லெவலை உண்மையான அம்புக்கு ஏற்ற கிற்றார் லெவலாக இறக்குவதும், இரண்டுக்கும் நடுவில் எர்த்தைப் பிரித்துவிடுவதும் அதன் வேலை. யுஎஸ்பி வழியாகப் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. கேபிள் வழியாகப் போகிறவர்களுக்கும் லெவலுக்காக மட்டும் என்றால் தேவையில்லை, மென்பொருளிலேயே குறைக்கலாம். ஆனால் கூடிய கெயின் உள்ள அம்ப் மாதிரிகளில், இன்டர்பேஸ் வெளிவாசலின் சொந்த இரைச்சலும் சேர்ந்து ஏறும். பெட்டி சிக்னலோடு அந்த இரைச்சலையும் சேர்த்துக் குறைப்பதால் அங்கே பலன் தெரியும். மின்சார உறுமல் இருந்தாலும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த உறுமல் கேட்டால், முதலில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்த் துளையில் இருந்து எடுங்கள். மூன்று முனை ப்ளக்கின் எர்த் முனையை வெட்டுவது, டேப் சுற்றுவது போன்றவற்றை மட்டும் செய்யாதீர்கள். கோயில் திருவிழா மேடைகளில் அதைப் பலர் சர்வசாதாரணமாகச் செய்வதைப் பார்க்கிறேன். 230 வோல்ற்றும் கிற்றார்க் கம்பியைப் பிடித்த கையும் சேர்ந்தால் உயிர் போகும்.

எல்லாம் பொருந்திய பிறகு, இரண்டு டெசிபெல் கூட விட்டால் பாட்டுக்கு நன்றாக இருக்கிறது என்று அண்ணன் நினைத்தால் விடட்டும். அது ரசனை, அதில் சரி பிழை என்று நான் சொல்ல ஒன்றுமில்லை. சமநிலை எங்கே என்று தெரிந்த பிறகு கூட்டுவது வேறு, தெரியாமல் 13 டெசிபெல் கூடிக் கிடப்பது வேறு. லெவல் இன்னும் பிழையாக இருக்கிறதா என்று காதால் சோதிக்க விரும்பினால், சத்தத்தைவிட நொய்ஸ் கேட்டை (சிக்னல் குறைந்ததும் சத்தத்தை மூடிவிடும் பகுதியை) கவனியுங்கள். நத்தார் கரோல் பதிவொன்றில் ஒரு பெடியனின் கிற்றார் ஒவ்வொரு வரி முடிவிலும் பட்டென்று அறுந்துபோய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கேபிளைச் சந்தேகித்தார்கள். கோப்பு சில டெசிபெல் குறைவாகப் போனதால், ஸ்வரம் இயல்பாக மங்கி முடிவதற்கு முன்னமே கேட் கதவைச் சாத்தியிருக்கிறது. லெவலை ஏற்றியதும் வால்கள் திரும்பி வந்தன. எதிர்ப்பக்கம், வாசிக்காத இடங்களிலும் கேட் மூடாமல் திறந்தே கிடந்தால் லெவல் கூடிவிட்டது.

மொடலரில் இருந்து திரும்பி வரும் சத்தத்தின் லெவல் வேறு விஷயம். அது −6 இல் வந்தாலும் −15 இல் வந்தாலும் தொனி மாறாது, சிவப்பு எரியாமல் இருந்தால் போதும். கேபிள் வழியாகச் சுற்றி வந்தது என்றால் சில மில்லிசெக்கன் பிந்தியிருக்கும், பழைய ட்ராக்கோடு சேர்த்துக் கேட்பதற்கு முன் நகர்த்தி நேராக்குங்கள்.

அலைத் துண்டு சரியாக −20.8 இல் நிற்கிறது, கேட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது, ஆனாலும் தேனீக் கூட்டைக் கிளப்பியது மாதிரி இரைச்சல் இருக்கிறது என்றால், லெவலை விட்டுவிடுங்கள். அண்ணனின் பிரீசெட்டில் ஸ்பீக்கர் கபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) டிஜிட்டல் நகல் போடப்பட்டிருக்கிறதா, அது யுஎஸ்பிக்குப் போகும் வழியிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேடையில் உண்மையான கபினெட்டோடு வாசிப்பவர்கள் அதை நிறுத்தி வைத்திருப்பார்கள், ரீஅம்ப் செய்யும்போது திரும்பப் போட மறந்திருப்பார்கள்.